ஐந்து நாளில் அந்தமான்: இடங்களை விடுங்கள், முதலில் ஃபெர்ரியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து நீங்கள், மனைவி, ஏழு வயது மகள், முட்டிவலி உள்ள அம்மா, ஆக நான்கு பேர். பிப்ரவரியில் ஐந்து பகல், நான்கு இரவு. ஏஜென்ட் கொடுத்த திட்டம் இப்படி இருக்கிறது: முதல் நாள் செல்லுலார் ஜெயிலும் ராஸ் தீவும், இரண்டாம் நாள் பாராடாங் தீவு, மூன்றாம் நாள் ஹேவ்லாக் தீவு, நான்காம் நாள் நீல் தீவு, ஐந்தாம் நாள் காலை நீலிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்து மதியம் விமானம். இது சரிப்படுமா என்று கேட்கிறீர்கள்.

சரிப்படாது. வேலை காரணமாக ஆறு வருடம் அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில் குடியிருந்தேன். அந்த ஆறு வருடத்தில் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று எத்தனையோ குடும்பங்களை வரவேற்று, கூட்டிப்போய், வழியனுப்பி இருக்கிறேன். இதே மாதிரி பட்டியலோடு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பும்போது சொன்னது ஒன்றுதான்: "எல்லாம் பார்த்தோம், ஆனா எங்கேயும் உட்காரவே இல்லை." கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்துவிட்டு, விழித்திருந்த நேரத்தில் பாதியை வேன் சீட்டிலும் ஜெட்டி (படகுத்துறை) வரிசையிலும் கழித்துவிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

அந்தமானுக்கு இடப் பட்டியலை வைத்துத் திட்டம் போடக் கூடாது. ஃபெர்ரி, வெளிச்சம், கடல் ஏறி வற்றும் நேரம் இந்த மூன்றையும் வைத்துத்தான் போட வேண்டும்.

முதலில் ஃபெர்ரி. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் கடல். தனியார் ஃபெர்ரியில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், அரசு ஃபெர்ரியில் இரண்டரை மணி நேரம் போல ஆகும். காகிதத்தில் இது சின்னதாகத் தெரியும். நடப்பது என்னவென்றால், காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி, ஒரு மணி நேரம் முன்னாடியே ஜெட்டிக்குப் போய், அடையாள அட்டை காட்டி, பெட்டியை ஸ்கேன் செய்து, காத்திருந்து, ஏறி, இறங்கி, அந்தப் பக்கத்தில் வண்டி பிடித்து, ஓட்டலுக்குப் போனால் அறை பன்னிரண்டு மணிக்குத்தான் தயார் என்பார்கள். ஆக ஒவ்வொரு ஃபெர்ரியும் அரை நாளை விழுங்கும். உங்கள் ஏஜென்ட் போட்டிருப்பது மூன்று ஃபெர்ரி. ஐந்து நாளில் ஒன்றரை நாள் அதிலேயே போய்விட்டது, பாராடாங்கில் இன்னொரு நாள் முழுசாகப் போய்விட்டது. மிச்சம் என்ன இருக்கிறது?

அதனால் குழந்தையும் வயதானவரும் இருக்கிற குடும்பத்துக்கு நான் எப்போதும் சொல்வது, ஐந்து நாளுக்கு ஒரே ஒரு வெளித் தீவு. ஹேவ்லாக் மட்டும். முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு இரவு ஹேவ்லாக், நான்காவது இரவு மறுபடி போர்ட் பிளேர். இரண்டே ஃபெர்ரி. நீல் தீவு அழகான, அமைதியான ஊர், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம், அந்தமானுக்குக் காய்கறி விளைகிற தோட்டம் என்றே அதைச் சொல்வார்கள். ஆனால் அதை ஆறாவது, ஏழாவது நாள் கிடைக்கிறபோது வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் மனைவியும் மட்டும் போவதாக இருந்தால் நானே நீலையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான் இருக்க வேண்டும். இதில் மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள், அதில் யாரோடும் சண்டை போட முடியாது. 2016 டிசம்பரில் புயல் சின்னம் உருவாகி ஃபெர்ரிகள் நின்றபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் மீட்டு வந்தன. அவ்வளவு பெரிய புயல்கூட வேண்டாம். என் அக்கா குடும்பம் வந்தபோது, அவர்களுடைய ஏஜென்ட் இதே போலக் கடைசி நாள் காலை ஃபெர்ரி, மதியம் விமானம் என்று போட்டிருந்தார். காற்று அதிகம் என்று காலை ஃபெர்ரி ரத்தானது. அடுத்த ஃபெர்ரி மதியத்துக்கு மேல்தான். ஐந்து பேருக்கும் மறுநாள் விமானத்துக்குப் புது டிக்கெட் எடுத்தார்கள், அது அவர்கள் வந்துபோன செலவைவிட அதிகம். ஏஜென்ட் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. பிப்ரவரியில் கடல் பொதுவாக அமைதிதான், ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை அங்கே நல்ல காலம். ஆனாலும் கடலை நம்பி விமான டிக்கெட்டைப் பணயம் வைக்கக் கூடாது.

இரண்டாவது, வெளிச்சம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். போர்ட் பிளேர் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையதே. அதனால் சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னதாகவே உதிக்கும், மறையும். பிப்ரவரியில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விடும், ஆறு மணிக்கு நல்ல இருட்டு. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்து, பொறுமையாக இட்லி சாப்பிட்டு, பதினொன்றுக்குக் கிளம்பினால் உங்கள் நாளில் பாதி முடிந்தது. அங்கே இருக்கிற ஐந்து நாளும் காலை ஐந்தரைக்கு எழுந்து, இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடுங்கள். குழந்தைக்கு இது சிரமமாகவே இருக்காது, அவளே முதலில் எழுந்து உங்களை எழுப்புவாள்.

மூன்றாவது, கடல் ஏற்றமும் வற்றமும். ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும், நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த வித்தியாசம் அதிகம். ஹேவ்லாக்கில் பெரும்பாலான ஓட்டல்கள் கிழக்குக் கரையில் இருக்கின்றன. "கடலோர அறை" என்று போட்டோவில் பார்த்து ஆசைப்பட்டு எடுத்துவிட்டு, வற்று நேரத்தில் போய் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் பாறையும் இறந்த பவளக் குப்பையும் கணுக்கால் அளவு தண்ணீரும்தான் தெரியும். ஏமாற்றி விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், நான்கைந்து மணி நேரம் கழித்து அதே இடத்தில் அலை வந்து சுவரைத் தொடும். வற்று நேரத்தில் அந்தப் பாறைக் குழிகளில் குட்டி மீன், நண்டு, கடல் அட்டை எல்லாம் பார்க்கலாம், ஏற்ற நேரத்தில் குளிக்கலாம். எது எப்போது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நீலில் இருக்கிற இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவுக்குக்கூட வற்று நேரத்தில்தான் நடந்து போக முடியும், அதுவும் வழுக்குப் பாறை, அம்மாவுக்கு ஆகாது. நீலை இப்போதைக்கு விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து பாராடாங். அதை எடுத்துவிடச் சொல்கிறேன், இரண்டு காரணம். ஒன்று உடம்பு. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, கான்வாயில் (காவலோடு வரிசையாகப் போகும் வண்டிக் கூட்டத்தில்) போய், ஜங்கார் (வண்டிகளையும் ஏற்றிப் போகும் படகு) ஏறி, சின்னப் படகு ஏறி, அப்புறம் நடந்து சுண்ணாம்புக் குகை பார்த்து, அதே வழியில் திரும்ப வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டர். முட்டிவலிக்காரரை அதில் ஏற்றக் கூடாது. இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரியது. அந்தச் சாலை ஜாரவா மக்களின் காட்டுக்குள் போகிறது. சில நூறு பேரே இருக்கிற ஒரு இனம் அது. 1990களின் கடைசி வரை வெளியாரிடம் நெருங்காமல் வாழ்ந்தவர்கள். காப்பகத்துக்குள் போகும் அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் எடுப்பது குற்றம், வண்டியை நிறுத்துவது குற்றம், எதையும் கொடுப்பது குற்றம். ஆனால் வேனில் இருக்கிற எல்லோர் கண்ணும் ஜன்னலுக்கு வெளியே "தெரிகிறார்களா" என்று தேடிக்கொண்டேதான் இருக்கும், டிரைவரும் அதைச் சொல்லித்தான் ஆளை ஏற்றுவார். ஒரு முறை போனேன். மனிதர்களை அப்படித் தேடிக்கொண்டு போவது எனக்கு ஒப்பவில்லை, அதற்கப்புறம் யாரையும் கூட்டிப்போகவில்லை.

சரி, இப்போது நாள் வாரியாக வருகிறேன்.

மதுரையிலிருந்து இரவு ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கி அப்படியே காலை விமானம் பிடிக்கலாம் என்று பார்க்காதீர்கள், ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் எல்லாமே போச்சு. முந்தின நாள் வைகையில் வாருங்கள், தாம்பரத்திலேயே இறங்கி, அந்தப் பக்கமே ஒரு இரவு தங்கி, காலையில் மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் விமான நிலையம் எதிரிலேயே. சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் பறக்க வேண்டும். கப்பலும் இருக்கிறது, ஆனால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், உங்கள் ஐந்து நாளுக்கு அது ஆகாது. டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ஹேவ்லாக் 2018 கடைசியிலிருந்து ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஊரில் பேசுகிறவர்கள் இன்னும் பழைய பெயர்களைத்தான் சொல்கிறார்கள். இந்தியர்களுக்கு இந்தத் தீவுகளுக்குப் போகப் பெர்மிட் எதுவும் தேவையில்லை. மகளுக்கும் சேர்த்து ஆதார் அட்டையை அசலாக எடுத்துக்கொள்ளுங்கள், ஃபெர்ரியில் கேட்பார்கள்.

முதல் நாள் போய் இறங்கியதும் மதியம் வரை தூங்குங்கள். மூன்று மணிக்குச் செல்லுலார் ஜெயில். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள், கிட்டத்தட்ட எழுநூறு தனி அறைகள். இன்று மூன்று கிளைகள்தான் மிச்சம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கிற மாதிரி கட்டியிருப்பதால் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தையே பார்க்க முடியாது. எல்லோரும் கோபுரத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் ஏதாவது ஒரு அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் கதவில் முடியாது, நீண்டு போய்ப் பக்கச் சுவரில் குடைந்த ஒரு குழிக்குள் முடியும், பூட்டு அங்கேதான். உள்ளே இருப்பவன் கம்பி வழியாக எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. மகளை உள்ளே நிற்கவைத்துக் கையை நீட்டச் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படித்ததைவிட அதிகம் புரியும். சாயங்காலம் அங்கேயே ஒலி ஒளிக் காட்சி உண்டு, டிக்கெட்டை முன்னாடியே எடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு மாடிப்படி வேண்டாம், கீழே செக்கு வைத்திருக்கிற கொட்டகையும் முற்றமும் போதும். அந்த மாதிரிச் செக்கில்தான் கைதிகளை மாட்டுக்குப் பதிலாகப் பூட்டி எண்ணெய் ஆட்ட வைத்தார்கள்.

சாப்பாடு பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். போர்ட் பிளேரில் தமிழர்கள் ஏராளம், இட்லி தோசை எல்லாத் தெருவிலும் கிடைக்கும், ஆட்டோக்காரரிடம் தமிழில் பேசிப் பாருங்கள், பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள்.

இரண்டாம் நாள் காலை முதல் ஃபெர்ரியில் ஹேவ்லாக். தனியார் ஃபெர்ரி முழுக்கக் கண்ணாடி மூடிய ஏசி அறை, பெரும்பாலானவற்றில் வெளியே வந்து நிற்க விடமாட்டார்கள். அரசு ஃபெர்ரி மெதுவாகப் போகும், ஆனால் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், டிக்கெட்டும் மிக மலிவு. அது உள்ளூர் மக்களின் பேருந்து மாதிரி, கிடைப்பது உறுதியில்லை. அதனால் நீங்கள் தனியாருக்கே போங்கள், ஒரு வழிக்கு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரும் ஆட்களாக இருந்தால் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும், ஏறிக் குமட்டல் வந்தபிறகு போட்டால் பயன் இல்லை. அம்மா வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு ராதாநகர் கடற்கரை. ஜெட்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், மேற்குப் பார்த்தது, 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். எனக்கு அங்கே பிடித்தது தண்ணீரைவிடக் கரையோர மரங்கள். கடல் மகுவா என்று சொல்லும் மரங்கள் கோவில் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும், அவற்றின் நிழல் மணலில் வெகுதூரம் வரும், அம்மா அங்கே துண்டு விரித்து உட்கார்ந்துவிடலாம். குளிப்பதற்குக் குறித்திருக்கும் இடத்துக்குள்ளேயே குளியுங்கள். ஓரமாக இருக்கிற நீல்ஸ் கோவ் பக்கம் யாருமில்லை, அழகாக இருக்கிறது என்று போக வேண்டாம், 2010இல் அங்கே ஒரு அமெரிக்கச் சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. பலகை வைத்திருக்கிற இடங்களில் அதைப் படித்து மதியுங்கள்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் எழுந்து வண்டிக்கு ஓடுவார்கள். பத்து நிமிடம் இருங்கள், செல்போன் டார்ச்சைத் தரையில் காட்டுங்கள். மரத்தடியில் கிடக்கிற சங்கும் சிப்பியும் எழுந்து நடக்கும். எல்லாம் துறவி நண்டு, அதற்கு வயிற்றுப் பக்கம் ஓடு கிடையாது, காலியான சங்குக்குள் உடம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு அதைச் சுமந்தே திரியும், வளர வளரப் பெரிய சங்கு தேடி வீடு மாறும். என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது பகலில் பொறுக்கிப் பையில் போட்ட ஏழெட்டு சங்குகளில் இரண்டு, ராத்திரி அறையில் நடக்க ஆரம்பித்துவிட்டன. இருட்டில் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தூங்கினான். கரையில் சும்மா கிடக்கிற சங்கும் ஒரு நண்டுக்கு நாளைய வீடு என்று மகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பவளத்துண்டு செத்துப் போனதாக இருந்தாலும் எடுக்கவே கூடாது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பெட்டியில் கண்டுபிடித்தால் தப்ப முடியாது.

மூன்றாம் நாள் முழுக்க ஹேவ்லாக்கில். ஸ்கூபா ஆசை இருந்தால் இந்த நாள் காலையில்தான். நீச்சல் தெரியாதவர்களையும் ஒரு பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு இறக்குவார், ஆனால் பத்து வயதுக்குக் கீழே ஏற்கமாட்டார்கள், அதனால் நீங்களும் மனைவியும் மாறி மாறிப் போங்கள். ஆஸ்துமா, காது வலி, சளி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டைவ் செய்து இருபத்து நான்கு மணி நேரமாவது ஆகாமல் விமானம் ஏறக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும், அது விளையாட்டில்லை. நான்காம் நாள் டைவ் வேண்டாம் என்பது இதனால்தான். மகளுக்கு எலிஃபென்ட் பீச்சில் ஸ்நார்க்லிங் போதும், லைஃப் ஜாக்கெட் போட்டு, கைடு மிதவையைப் பிடித்து இழுத்துப் போவார், முகத்தைத் தண்ணீரில் வைத்தால் கீழே கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கும். ஸ்பீட் போட் நன்றாகத் தூக்கிப் போடும், அம்மாவை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள். அங்கே நிற்கும்போது பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். 1998, 2010, 2016 என்று கடல் சூடாகி அங்கே பவளம் வெளுத்திருக்கிறது. மீண்டு வருவது மெதுவாகத்தான் வருகிறது, நம் காலால் அதை உடைக்க வேண்டாம்.

மாலையில் மணல் ஈ கடிக்கும், மறுநாள்தான் அரிக்கும். காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போங்கள்.

நான்காம் நாள் காலையோ மதியமோ ஃபெர்ரியில் திரும்பி, இரவு போர்ட் பிளேர். ஐந்தாம் நாள் விமானம் மதியத்துக்கு மேல் என்றால் காலையில் ராஸ் தீவு போய்வரலாம், அபர்தீன் ஜெட்டியிலிருந்து கால் மணி நேரம்தான். அன்றைக்கு அது திறந்திருக்கிறதா என்று முதல் நாளே ஓட்டலில் கேட்டு வையுங்கள். 1858இலிருந்து 1941 நிலநடுக்கம் வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆட்சி நடத்திய இடம் அது, இன்று தேவாலயமும் பேக்கரியும் ஆலமர வேர்களுக்குள் இருக்கின்றன, இடையில் புள்ளிமான்கள் பயமில்லாமல் கிட்ட வரும். உள்ளே பாட்டரி வண்டி கிடைத்தால் அம்மாவையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நார்த் பே பக்கம் போக வேண்டாம், கூட்டமும் பேரமும்தான். அங்கே இருக்கிற கலங்கரை விளக்கம் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கப் படத்தில் இருக்கிறது, வீட்டில் ஒரு நோட்டு இருந்தால் கொண்டுபோய் மகளிடம் தூரத்திலிருந்தே காட்டிவிடுங்கள்.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஹேவ்லாக்கில் ஏடிஎம் இரண்டு மூன்றுதான், அதுவும் எப்போதும் வேலை செய்யாது. 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் எவ்வளவோ தேவலை, ஆனாலும் ஃபெர்ரி டிக்கெட்டையும் ஓட்டல் ரசீதையும் காகிதத்தில் அச்செடுத்துப் போங்கள். அம்மாவின் மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி போர்ட் பிளேரில்தான்.

பதிவு செய்யும் வரிசை இது: முதலில் விமான டிக்கெட், அதை எடுக்கிற அன்றைக்கே இரண்டு ஃபெர்ரி டிக்கெட்டுகளும், அதற்கப்புறம்தான் அறைகள். நல்ல அறை கிடைக்கிறதே என்று அதை முதலில் எடுத்துவிட்டு, அந்தத் தேதிக்குக் காலை ஃபெர்ரி இல்லாமல் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள், அந்த இரண்டு நாளும் ஹேவ்லாக்கில் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று பார்த்துச் சொல்கிறேன்.